திரையின் நடுவே ஒரு கறை

ஜனவரி 12

மாப்பிள்ளைக்கு,

இதை எழுதுவது உன் அத்தான்தான். யாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லி எழுதவில்லை. பேனா பிடித்திருப்பது என் கை. நாக்கைத் துருத்திக்கொண்டிருப்பது என் வாய். உன் அக்கா எதிரே உட்கார்ந்து, "உளி பிடிக்கிற மாதிரி பிடிச்சிருக்கீங்களே, பேப்பர் கிழிஞ்சிடப் போகுது" என்கிறாள். உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டேன். இத்தனை வருடம் திட்டு வாங்கியதில் அவள் உதடு எனக்குப் பாடம். மற்றவர் உதடெல்லாம் சும்மா அசைகிறது, அவ்வளவுதான்.

கம்ப்ரசர் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று போன காது, போன வருடம் உன் தியேட்டர் திரைக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்துவிட்டு வந்ததோடு மொத்தமாகப் போய்விட்டது. உன்னிடம் போனில் பேசுவது என்றால் உன் அக்கா வழியாகத்தான். நீ அரை மணி பேசுவாய். அவள் சிரிப்பாள், கண்ணைத் துடைப்பாள், மறுபடி சிரிப்பாள். போனை வைத்துவிட்டு என்னிடம் சொல்வது, "நல்லா இருக்கானாம்." இந்தக் கொடுமை தாங்காமல்தான் நூலகத்து மாடியில் நடக்கும் எழுதப் படிக்கக் கற்றுத் தருகிற வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். மாணவர்களில் நான்தான் மூத்தவன். டீச்சருக்கு என் மகள் வயது இருக்கும். காது கேட்காத எனக்குப் படத்தைக் காட்டித்தான் எழுத்தைப் புரியவைக்கிறார். கை ஓங்குவதில்லை, அதுவரைக்கும் நல்லது.

மாப்ளே, படிக்கத் தெரிவது எவ்வளவு பெரிய கூத்து என்று நீங்களெல்லாம் ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். பஸ்ஸில் ஏறினால் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே இறங்க மறந்துவிடுகிறேன். இந்த ஊர் தியேட்டர் பக்கம் போனேன். எத்தனையோ தடவை நான் ஏணியைச் சாய்த்து வைத்த சுவரில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'இங்கே ஏணி சாய்க்கக் கூடாது.' நடுரோட்டில் நின்று சிரித்தேன். ஒரு ஆள் பயந்து விலகிப் போனான்.

என் திரை எப்படி இருக்கிறது? நீ கேபினிலிருந்து அனுப்புகிற வெளிச்சத்தை முகம் சுளிக்காமல் திருப்பித் தருகிறதா? அதுதான் நான் கடைசியாக அடித்த வெள்ளி. இனி கம்ப்ரசர் தூக்க உடம்பில் தெம்பு இல்லை. எனவே அதன் பெருமையைக் கொஞ்சம் விரிவாக எழுது. நிதானமாகப் படிப்பேன். எனக்கு வேறு வேலை இல்லை.

அத்தான்


ஜனவரி 27

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒவ்வொரு எழுத்தும் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டதுபோல் இருக்கிறது. சந்தோஷம். அக்காவிடம் நான் என்ன பேசுகிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வயதில் பள்ளிக்கூடம் போனீர்கள் என்றால், நீங்கள் நினைப்பது சரிதான். உங்களைப் பற்றித்தான் பேசுகிறோம்.

பெருமையை விரிவாக எழுதச் சொன்னீர்கள். எழுத ஆசைதான். ஆனால் திரையில் கறை விழுந்திருக்கிறது.

சரியாக நடுவில். முதலில் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் மங்கல். நிழல் என்று நினைத்தேன். இப்போது, கதாநாயகி நேரே வந்து நின்றாளென்றால் மூக்கும் வாயும் இருக்கிற இடத்தில் சாம்பல்தான். காது தெரிகிறது, தோடு தெரிகிறது, முகம் இல்லை. திரையின் மேல்விளிம்பும் நடுவில் வளைந்து தெரிகிறது. சட்டத்தில் கட்டிய கயிறு தளர்ந்திருக்க வேண்டும்.

முதலாளியிடம் சொன்னேன். "எனக்கு நல்லாத்தானேய்யா தெரியுது" என்றார். டிக்கெட் கிழிப்பவரைக் கேட்டேன். அவரும் நன்றாக இருக்கிறது என்றார். இவர்களுக்கு எதுதான் தெரியும்? படத்தைத் தலைகீழாக ஓட்டினாலும் கைதட்டுவார்கள். எனக்குத் தெரிகிறது. இத்தனை வருடமாக அந்தத் திரையைத் தவிர வேறு எதையும் நான் உற்றுப் பார்த்ததில்லை.

வெள்ளித் தூளைத் துணியில் ஒட்டிவைக்கிற லாக்கரில் ஏதோ கோளாறு. தூள் உதிர்கிறது என்று நினைக்கிறேன். என்ன செய்யலாம், எழுதுங்கள்.

படம் ஓட்டுபவன்


பிப்ரவரி 10

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. உன் அக்கா என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள். "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வேறு சொன்னாள். தம்பி என்றால் அவளுக்குத் திரையாவது, புருஷனாவது.

என் திரையில் கறையா? அலுமினியத் தூளை நானே சலித்தேன். லாக்கர் டப்பாவை உன் கண் முன்னால்தான் உடைத்தேன். இடது ஓரத்தில் ஆரம்பித்தால் வலது ஓரம் வரும்வரை கை நிற்கக் கூடாது, நின்றால் அந்த இடத்தில் கோடு விழும். நான் நிற்கவில்லை. தும்மல் வந்தது, அதையும் விழுங்கினேன். அதனால், மாப்ளே, முதலில் உன் வீட்டைப் பெருக்கு. விளக்கைப் பார். லென்ஸைத் துடை. கேபின் ஜன்னல் கண்ணாடியில் நீ ஊதுகிற பீடிப் புகை படிந்திருக்கும், அதையும் துடை. யாராவது திரையைத் தொட்டிருந்தால் கை வடிவத்தில் கறை இருக்கும், வட்டமாக இருக்காது.

இன்னொன்று. வெள்ளித் திரை வெறும் துணி இல்லை. கிட்டத்தட்ட கண்ணாடி. நடு இருக்கைக்குப் பளிச்சென்று இருப்பது ஓர இருக்கைக்கு மங்கும். ஒரே இடத்தில் நின்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே. நாலு இடத்தில் உட்கார்ந்து பார். கறை அங்கேயே நின்றால் என் தப்பு. நீ நகர நகர அதுவும் நகர்ந்தால் அது திரையில் இல்லை.

உன் கையெழுத்தைப் பற்றி ஒரு சந்தேகம். உன் வரிகள் கோட்டை விட்டு மேலே ஏறுகின்றன, சில இடத்தில் ஒன்றின் தோளில் ஒன்று உட்கார்கின்றன. எங்கள் டீச்சர் கோட்டில் எழுதச் சொல்கிறார். உன் கடிதத்தைக் காட்டி, "என் மச்சினன் படிச்சவன், அவன் இப்படித்தான் எழுதுறான்" என்றேன். படித்தவர்கள் வேகமாக எழுதினால் அப்படித்தான் வரும் போலிருக்கிறது. நானும் அப்படி ஏற்றி எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. டீச்சர் அடித்துவிட்டார், பக்கத்தை.

அத்தான்


மார்ச் 3

அத்தானுக்கு,

நான் பீடியை விட்டு எத்தனையோ காலம் ஆகிறது. இருந்தும் கண்ணாடியைத் துடைத்தேன். விளக்கை மாற்றினேன். லென்ஸைக் கழற்றி அனுப்பினேன், ஒரு பழுதும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் சொன்னபடி எல்லா வரிசையிலும் உட்கார்ந்து பார்த்தேன். நகர்கிறது. இடது ஓரத்தில் உட்கார்ந்து இடது பக்கம் பார்த்தால் கறை இடது பக்கத்தில். எங்கே பார்க்கிறேனோ அங்கே. கண்ணாடி மாதிரி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடியில் பிம்பம் நகராதா? வெள்ளி சமமாக உட்காரவில்லை. அதுதான் காரணம். வேறு காரணம் இருக்க முடியாது.

அடுத்த மாதம் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிற 3டி படம் வருகிறது. அதற்கு வெள்ளி இல்லாமல் ஆகாது. முதலாளியிடம் இந்தத் திரை தேறாது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். என் வார்த்தையை நம்பி ஒத்துக்கொண்டார். நீங்கள் வர வேண்டும். வேறு ஆள் வைத்து அடிக்க மாட்டேன். சாமானையெல்லாம் வாங்கி வைக்கிறேன். நடுவில் மட்டும் கனமாக அடித்தால் போதும்.

கறை வளர்கிறது அத்தான். சீக்கிரம் வாருங்கள்.

படம் ஓட்டுபவன்


ஏப்ரல் 8

மாப்பிள்ளைக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். சேர்ந்தேனா என்று நீ கேட்கப் போவதில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டில் நீ என்னிடம் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் நீ அதைச் சொல்லிவிட்டு டீக்கடைக்காரரைப் பார்த்தாய். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் என் நோட்டை நீட்டி எழுதித் தரச் சொன்னேன். மாட்டேன் என்று கையை ஆட்டினார். விடவில்லை. எழுதினார். 'காதுதான் போச்சுன்னு நினைச்சேன், கிழவனுக்குக் கண்ணும் போச்சு.' படிக்கக் கற்றுக்கொண்டு நான் படித்தவற்றில் மோசமானது இதுதான்.

நான் மறுபடியும் சொல்கிறேன். உன் திரையில் கறை இல்லை. முன் வரிசையில் பார்த்தேன், பின் வரிசையில் பார்த்தேன், கேபினில் உன் ஸ்டூலில் உட்கார்ந்து உன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பால் மாதிரி இருந்தது. "அதோ, அதோ" என்று நீ கையைக் காட்டினாய். நானும் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தேன். உன் பிடிவாதத்துக்காக அடித்தேன். உன் வாயை அடைக்க அடித்தேன். நடுவில் கனமாக அடிக்கச் சொல்லிச் சைகை காட்டினாய், அடித்தேன். போதாது என்றாய், மறுபடியும் அடித்தேன். ஏணியில் நிற்கும்போது கால் நடுங்கியது. அதை நீ பார்க்கவில்லை. நேராக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய், ஆனால் பார்க்கவில்லை.

காய்ந்த பிறகு படம் போட்டுக் காட்டினாய். முதலாளி ஏதோ சொன்னார். நல்லா இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார் என்று சிரித்து வைத்தேன். நீ மட்டும் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு வெளியே போனாய். இன்னும் கறை இருக்கிறதாம்.

உன் அக்கா, "என்ன ஆச்சு, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்கிறாள். பஸ் அலுப்பு என்றேன்.

நான் இனி எந்தத் திரைக்கும் வெள்ளி அடிக்கப் போவதில்லை. வெள்ளி அடிக்கிற ஸ்ப்ரே கன்னைக் கழுவி எதிர்வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் செடிக்கு மருந்து அடிக்கட்டும்.

அத்தான்


மே 20

அத்தானுக்கு,

முதலாளி அன்று சொன்னது, "சத்தம் ஏன்யா அமுங்குது?"

திரையில் ஊசிக்கண் அளவு ஓட்டைகள் இருப்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பின்னாலிருக்கிற ஸ்பீக்கரின் சத்தம் அதன் வழியாகத்தான் வர வேண்டும். வெள்ளி அடித்த கையோடு பின்பக்கமிருந்து காற்றடித்து ஓட்டையைத் திறந்துவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். நடுவில் கனத்துக்குமேல் கனமாக அடித்ததில் அத்தனையும் அடைத்துக்கொண்டது. பின்னாலிருந்து காற்றும் அடிக்கவில்லை. நம் இருவருக்குமே ஞாபகம் வரவில்லை. நீங்கள் கோபத்தில் இருந்தீர்கள். நான் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனை ஓட்டத்தில் உங்களைத் தவிர எல்லோருக்கும் கேட்டிருக்கும். நான் கேட்டும் பொருட்படுத்தவில்லை.

முதல் காட்சியில் வசனமெல்லாம் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. ஜனங்கள் சீட்டைத் தட்டினார்கள். "ஊமைப் படமா ஓட்டுறீங்க?" என்று ஒருவன் கத்தினான். மறுநாளே முதலாளி திரையை இறக்கி, சாதாரண வெள்ளைத் திரையை ஏற்றிவிட்டார். உங்கள் வெள்ளி சுருட்டி வைக்கப்பட்டு வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் கிடக்கிறது. மழையில் நனைகிறது. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

புதுத் திரை அத்தான். பெட்டியிலிருந்து அப்போதுதான் பிரித்தது. விளக்கைப் போட்டேன். கறை அங்கேயும் இருந்தது.

அதன்பிறகுதான் கண் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தாள். பிறகு கேட்டாள், "எப்பலேர்ந்து நடுவுல மறைக்குது?" குளிர்காலத்திலிருந்து என்றேன். "இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" விளக்கு மாற்றினேன், லென்ஸைச் சோதிக்க அனுப்பினேன், திரைக்கு வெள்ளி அடித்தேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விழித்திரையில் நடுப்பாகம் கெட்டுவிட்டதாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாமாம். வலது கண் முடிந்தது. இடது கண் போய்க்கொண்டிருக்கிறது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மிஞ்சலாம், அதற்கும் உறுதி இல்லை என்றாள்.

அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

படம் ஓட்டுபவன்


ஜூன் 2

மாப்பிள்ளைக்கு,

பக்குவமாகச் சொல்லச் சொன்னாய். எனக்கு மனதுக்குள் படிக்கத் தெரியாதே மாப்ளே. வாய்விட்டு, எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பேன். கடிதம் வந்ததும் உன் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள். எப்போதும் அப்படித்தான். அவளுக்கு எழுத்து தெரியாது, நான் படிக்கப் படிக்கக் கேட்பாள். அடுத்த வார்த்தை என்ன என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு வார்த்தையைப் படித்து முடிக்கும்போதுதான் அது என்னவென்றே எனக்குத் தெரிகிறது. 'வலது கண்' வரைக்கும் வந்துவிட்டேன். 'மு' என்றேன். 'டி' என்றேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் என்னால் கூட்ட முடியவில்லை. "முடிஞ்சுதுன்னு எழுதியிருக்கானா?" என்று அவளே கேட்டாள்.

ஓட்டை அடைத்தது என் தப்பு. உனக்கு ஞாபகம் வராவிட்டால் என்ன, எனக்கு வந்திருக்க வேண்டாமா? காது இருந்த காலத்தில் அடித்து முடித்ததும் திரைக்குப் பின்னால் ஆளை நிறுத்திப் பேசச் சொல்லிக் கேட்பேன். கேட்க முடியாது என்று தெரிந்த பிறகு அந்த வேலையையே மறந்துவிட்டேன். எல்லோர் முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேனே! அவர்கள் மனதுக்குள் என்ன நினைத்திருப்பார்கள்?

ஆனால் அது போகட்டும். திரை போனால் போகட்டும். கறை நகர்கிறது என்று நீ எழுதினாய். நகர்ந்தால் அது திரையில் இல்லை என்று நான்தான் சொல்லியிருந்தேன். அந்த வார்த்தையை நான் கூட்டிப் படித்தேன். படித்தேன் என்ற சந்தோஷத்தில், என்ன படித்தேன் என்று யோசிக்கவில்லை. உன் வரிகள் ஏறி இறங்கியதையும் அழகு என்று நினைத்தவன்தானே நான்.

நீ புறப்பட்டு இங்கே வா. முன்னறை காலியாகத்தான் இருக்கிறது. ஜன்னல் பெரியது. உன் அக்கா கட்டிலை இப்போதே இழுத்துப் போட்டுவிட்டாள். உடனே வா.

அத்தான்


ஆகஸ்ட் 14

அத்தானுக்கு,

ஓர் அட்டையை வைத்து அதன் விளிம்பைத் தடவித் தடவி எழுதுகிறேன். கோட்டில் வருகிறதா என்று தெரியாது.

வேலை போய்விட்டது. முதலாளி மரியாதையாகத்தான் சொன்னார். "நீங்களே சொல்லுங்க, வேற என்ன பண்றது?" என்றார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். கேபினுக்கு வேறு ஆள் வந்துவிட்டான். பின்னாலிருக்கிற என் அறையும் அவனுக்குத்தான். மாதக் கடைசி வரை இருக்கலாம்.

உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் படித்துக் காட்டினார். நீங்கள் 'மாப்ளே' என்று எழுதியிருக்கிற இடத்தை அவர் 'மாப்பிள்ளை அவர்களே' என்று படிக்கிறார். மரியாதையாம். 'முடிஞ்சுதா' என்று அக்கா கேட்டதை, பக்கத்து வீட்டு ஆள் செய்தி வாசிப்பதுபோல் வாசித்தார். வேண்டாம் அத்தான். இனி எழுதாதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஏணியில் ஏறி நின்றீர்களே, அப்போது உங்களுக்குத் தலை இல்லை. கால் தெரிந்தது, கையும் கன்னும் தெரிந்தன. கழுத்துக்குமேல் சாம்பல். திரைக்கும் எனக்கும் நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள், கறை உங்கள்மேல் விழுகிறது என்றால் அது எங்கே இருக்கிறது என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும்தான் 'இன்னும் கனமா அடிங்க' என்றேன். திரையில் இருந்தால் அடித்துச் சரி செய்துவிடலாம் அல்லவா? நீங்கள் அடித்துக்கொண்டிருக்கும்வரை அது திரையில்தான் இருந்தது. காய்ந்துபோனதும் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் பஸ் ஸ்டாண்டில் அப்படிப் பேசினேன்.

நான் அங்கே வரப்போவதில்லை. நான் பேசினால் உங்களுக்குக் கேட்காது. நீங்கள் எழுதினால் எனக்குத் தெரியாது. அக்கா நம் இருவருக்கும் நடுவில் ஓடி ஓடியே ஓய்ந்துபோவாள். அவளுக்கும் வயதாகிறது.


ஆகஸ்ட் 22

மாப்பிள்ளைக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். அந்த ஆள் 'அவர்களே' போட்டுப் படித்தாலும் பரவாயில்லை, கேட்டுக்கொள்.

உன் கடிதத்தில் 'அவளுக்கும் வயதாகிறது' வரைதான் எனக்குப் புரிந்தது. அதற்குக் கீழே வரிகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கறுப்பாகக் கிடக்கின்றன. வெயிலில் காட்டிப் பார்த்தேன், தலைகீழாகப் பார்த்தேன். 'அத்தான்' என்று ஓர் இடத்தில் இருக்கிறது. வேறு ஒன்றும் தேறவில்லை. டீச்சரிடம் கொடுத்தால் பிரித்துப் படித்துவிடுவார். கொடுக்கவில்லை. எனக்கு எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்க எனக்கும் பிடிக்கவில்லை.

உன் அக்கா டிக்கெட் எடுத்துவிட்டாள். வருகிற வாரம் இரண்டு பேரும் வருகிறோம். நீ வரமாட்டேன் என்று சொல்லலாம். தாராளமாகச் சொல். எனக்குக் கேட்காது.

அத்தான்


அக்டோபர் 5

மாப்ளே,

நீ முன்னறையில் இருக்கிறாய். நான் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடுவில் ஒரு கதவு. நீ சாத்திக்கொண்ட கதவு.

வாயால் சொல்லவேண்டியதை ஏன் எழுதுகிறான் கிழவன் என்று நினைப்பாய். எனக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. என் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று எனக்குத் தெரிவதில்லை. நீ வந்த அன்று, "சாப்டியா?" என்று உன்னிடம் கேட்டேன், எதிர்வீட்டுக்காரன் அவன் வீட்டிலிருந்து 'ஆச்சு' என்று கையைக் காட்டினான். சில விஷயத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே மெதுவான பேச்சு இந்தப் பேனாதான். இதை நீ படிக்கப் போவதில்லை என்பது தெரியும்.

இன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன்.

நாம் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். உன் அக்கா உள்ளே அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தாள். நீ என் பக்கம் திரும்பினாய். திரும்பினாய் என்றால், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாய். கண்ணோரத்தில் மிச்சமிருக்கிற இடத்தில் என்னைக் கொண்டுவர அப்படித்தான் உட்கார வேண்டியிருக்கிறது உனக்கு. இப்போதெல்லாம் யாரைப் பார்க்க நினைத்தாலும் அவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய். என்னைப் பார்த்தபடி சுவரிடம் ஏதோ சொன்னாய். எனக்கு உன் காதும் கன்னத்தின் ஒரு பக்கமும்தான் தெரிந்தன. கன்னம் அசைந்தது. நின்றது. பதிலுக்குக் காத்திருக்கிறாய் என்று புரிந்தது.

காது போன நாளிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. யார் எது கேட்டாலும் சிரித்துக்கொண்டு ஆமாம் என்றுவிடுவேன். மழை வருமா என்பார்கள், ஆமாம். டீ குடிக்கிறீர்களா என்பார்கள், ஆமாம். அதில் பெரும்பாலும் நஷ்டம் இல்லை. நீ பக்கத்தில் இருக்கிறாய், வெயில் இறங்கிவிட்டது, காற்று வருகிறது. நல்ல சாயங்காலம் என்று ஏதாவது சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். சந்தோஷமாக, என் தொண்டை முழுவதையும் திறந்து, "ஆமா ஆமா!" என்றேன். உன் முதுகைக்கூடத் தட்டினேன்.

நீ எழுந்தாய். சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனாய். நான் காற்றுக்குப் பயந்து போகிறாய் என்று நினைத்தேன்.

உன் அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். அவள் உதடுதான் எனக்குப் பாடமாயிற்றே, ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை. "எதுக்கு ஆமான்னீங்க? அவன் என்ன கேட்டான் தெரியுமா உங்களுக்கு?" என்றாள். "'நான் இங்க வந்தது உங்களுக்குப் பாரமா இருக்கா அத்தான்'னு கேட்டான்யா அவன்."

மாப்ளே, நான் உன் கதவுக்கு முன்னால் நின்று இல்லை என்று கத்தினேன். கேட்கவே இல்லை, அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று கத்தினேன். மேலும் மேலும் கத்தினேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். எல்லோரும் வீட்டில் சண்டை என்று நினைத்திருப்பார்கள். கத்திக் கத்தி, அது உனக்கும் ஒரு கிழவன் திட்டுவதுபோலத்தான் கேட்டிருக்கும். இல்லை என்பதை எப்படிக் கத்தினாலும் திட்டாகத்தான் வருகிறது.

பிறகு கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். நீ உள்ளேயிருந்து பதில் சொன்னால் பலகை அதிரும், கையில் தெரியும் என்று நினைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. நீ மெதுவாகப் பேசுகிறவன். திரும்பி உன் அக்காவைப் பார்த்தேன். ஏதாவது சொன்னானா என்று கேட்டேன்.

அவள் கதவில் காதை வைத்துக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, உதட்டைப் பிரிக்காமல், தலையை மட்டும் இடம் வலமாக ஆட்டினாள்.